முகமில்லாச் சித்திரங்கள்: இந்தோனேசிய இஸ்லாமியச் சமூக ஊடகத்தில் பெண்

இந்தோனேசியாவின் இஸ்லாமியப் பிரசாரப் பக்கங்களை இன்ஸ்டாகிராமில் பார்ப்பவர்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் படுவது ஒரே சாயலில் வரையப்பட்ட ஒரு பெண். இளஞ்சிவப்பிலோ வெளிர்பச்சையிலோ பின்னணி. இடுப்புக்குக் கீழே இறங்கும் ஹிஜாப், தரையைத் தொடும் அங்கி, கையில் குர்ஆன் அல்லது பூங்கொத்து. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. சில படங்களில் அவள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள். பக்கத்தில் 'உக்தி' என்று, சகோதரி என்று விளித்து நான்கு வரி அறிவுரை. பார்வையைத் தாழ்த்து, படத்தைப் பகிராதே, பொறுமையாக இரு, உனக்கானவன் வருவான்.

உயிருள்ளவற்றின் முகத்தை வரையக் கூடாது என்ற மார்க்க நிலைப்பாடு இந்த வெற்று முகத்துக்கு ஒரு காரணம். முகம் இல்லாததால் பார்க்கும் எந்தப் பெண்ணும் அங்கே தன்னை வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பது அதன் விளைவு. 2020 கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவின் மக்கள்தொகை 27 கோடி. அதில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். பள்ளி, கல்லூரி வயதுப் பெண்களில் பெரும் பகுதியினர் மார்க்கத்தைப் பற்றிய முதல் விளக்கத்தை இன்று கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். அந்தக் கைப்பேசித் திரையில் அவர்களுக்கு எந்த மாதிரிப் பெண் காட்டப்படுகிறாள் என்பதை அதனால்தான் கூர்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

பழமைவாதப் பக்கங்கள் எல்லாம் ஒன்றல்ல. சவூதி மரபில் படித்த ஸலஃபி அறிஞர்கள், கிலாஃபத்தை முன்னிறுத்திய ஹிஸ்புத் தஹ்ரீர் வழிவந்தவர்கள், வளாக அரசியலிலிருந்து கட்சி கட்டியவர்கள், திரைத்துறையை விட்டு மார்க்கத்துக்குத் திரும்பிய நட்சத்திரங்கள் என்று பல ஓடைகள். அரசியலில் இவர்கள் மோதிக்கொள்வதும் உண்டு. பெண்ணைச் சித்திரிப்பதில் மட்டும் வியப்பூட்டும் ஒற்றுமை. இந்த ஊடகம் பெண்ணை இழிவுசெய்கிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். அது அவளை உயர்த்தியே பேசுகிறது. முத்து என்கிறது, சுவர்க்கத்துக்கு உரியவள் என்கிறது, அடுத்த தலைமுறையின் முதல் ஆசான் என்கிறது. ஆனால் சமூகம் முழுவதும் பகிர்ந்து சுமக்கவேண்டிய ஒழுக்கத்தை அவள் ஒருத்தியின் உடல்மேல் ஏற்றிவைக்கிறது; மார்க்க நூல்களுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் அவளை உட்காரவிடுவதில்லை. அவள் அறிவுரை கேட்பவள், அல்லது பிறர் சொன்ன அறிவுரையை எடுத்துச் சொல்பவள். இந்தச் சித்திரிப்பின் மையச் சிக்கல் இதுதான் என்பது என் வாதம்.

தடையிலிருந்து சந்தைக்கு

ஜில்பாப் என்று அங்கே அழைக்கப்படும் தலைத்துணிக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. சுகார்த்தோ ஆட்சியில் 1982-இல் கல்வித்துறை கொண்டுவந்த சீருடை விதி, அரசுப் பள்ளிகளில் தலையை மூட இடம் தரவில்லை. பிடிவாதமாக அணிந்துவந்த மாணவிகள் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தனியார் பள்ளிகளுக்கு மாறினார்கள். சில வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. 1991-இல்தான் விதி தளர்ந்தது. எண்பதுகளில் அந்தத் துணியை அணிவது சர்வாதிகாரத்தின் முன் ஓர் இளம்பெண் எடுத்த சொந்த முடிவு. இந்த வரலாற்றை மறந்துவிட்டு, ஹிஜாப் என்றாலே அடக்குமுறை என்று பேசுகிறவர்களின் பேச்சு அங்குள்ள பெண்களிடம் எடுபடுவதில்லை.

அதற்கும் முந்திய வரலாறு இன்னும் செழிப்பானது. முகம்மதியா என்ற இஸ்லாமிய அமைப்பின் பெண்கள் பிரிவான ஆயிஷியா 1917-இல் தொடங்கப்பட்டது. மேற்குச் சுமத்ராவின் பாடாங் பாஞ்சாங் ஊரில் ரஹ்மா அல் யூனுஸியா என்ற இளம்பெண் 1923-இல் மாணவிகளுக்கென்றே மார்க்கப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகம் பின்னாளில் அவரை 'ஷெய்கா' என்ற பட்டத்தால் கௌரவித்தது. இந்தோனேசிய இஸ்லாத்தில் பெண் ஆசிரியராகவும் நிறுவனத் தலைவராகவும் இருந்தது நூறாண்டுப் பழக்கம். இன்றைய பிரசாரப் பக்கங்கள் பாரம்பரியம் என்று காட்டும் பெண்ணுருவத்தில் இந்தப் பழக்கத்தின் தடம் அரிதாகவே தெரிகிறது.

1998-இல் சுகார்த்தோ வீழ்ந்தபின் மார்க்க அடையாளம் வெளிப்படையாகச் சந்தைக்கு வந்தது. முகத்திரை அணிந்த நாயகியையும் இருதார மணத்தையும் மையமாகக் கொண்ட 'ஆயத் ஆயத் சிந்தா' நாவல் 2004-இல் வெளிவந்தது. 2008-இல் படமாகிப் பல லட்சம் பேரைத் திரையரங்குக்கு இழுத்தது. 2010-இன் இறுதியில் ஜகார்த்தாவில் உருவான ஹிஜாபர்ஸ் கம்யூனிட்டி, தலைத்துணியை நகர்ப்புற நாகரிகமாக மாற்றியது. வண்ணங்கள், மடிப்புகள், ஊசிகள், ஒப்பனைப் பாடங்கள். இதற்கு எதிர்வினையாகத்தான் 'ஷரீஆவுக்கு உட்பட்ட ஹிஜாப்' என்ற பிரசாரம் சூடுபிடித்தது. அலங்காரம் ஹிஜாப் ஆகாது. அகலமும் நீளமும் தளர்வும் வேண்டும் என்றது அது.

அந்தப் பிரசாரத்தின் முன்வரிசை முகம் ஃபெலிக்ஸ் சியாவ். பலெம்பாங்கில் சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, மாணவப் பருவத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர். ஹிஸ்புத் தஹ்ரீருடன் நெருக்கமாக இருந்தவர். அந்த அமைப்பின் இந்தோனேசியக் கிளையை அரசு 2017 ஜூலையில் கலைத்தது. அவரைப் பற்றி 2018-இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஹியூ வாய் வெங், காட்சிக் கலையே அவருடைய பிரசாரத்தின் உயிர்நாடி என்று காட்டுகிறார். காதலை முறித்துவிடு என்று இளைஞர்களைக் கேட்கும் அவருடைய 2013 புத்தகம், சித்திரக்கதை போல வண்ணப்படங்கள் நிறைந்தது. கண்டிப்பான கட்டளை அதில் மென்மையான நிறத்தில் வருகிறது. தலைத்துணி அணியச் சொல்லும் புத்தகத்தோடு அவருடைய வட்டத்திலிருந்தே ஹிஜாப் விற்கும் நிறுவனமும் வந்தது. 2018-இல் ஜகார்த்தாவில் தொடங்கிய ஹிஜ்ரா ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் பயான் என்னும் மார்க்க உரையும் துணிக்கடைகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. இந்தச் சூழலில் பெண் நல்லொழுக்கத்தின் உருவமாகவும் முதன்மை வாடிக்கையாளராகவும் ஒரே நேரத்தில் பார்க்கப்படுகிறாள். அவளைச் சுற்றியே பிரசாரம் இவ்வளவு அடர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிட்டாயும் ஈயும்

பல நாடுகளில், பல மொழிகளில் சுற்றிவரும் ஒரு படம் உண்டு. இரண்டு மிட்டாய்கள். ஒன்று காகிதத்தில் சுற்றப்பட்டுச் சுத்தமாக இருக்கிறது. காகிதம் பிரிக்கப்பட்ட மற்றொன்றை ஈ மொய்க்கிறது. மூடியிருந்தால் பாதுகாப்பு, திறந்தால் தொல்லை என்பது பாடம். தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் நம்மில் பலரும் இதைப் பார்த்திருப்போம். இந்தோனேசியாவிலும் இது ஓயாமல் புதுப்புது வடிவில் பகிரப்படுகிறது.

இந்தப் படம் பெண்ணைத் தின்பண்டமாக்குகிறது என்பது பலரும் சொல்லும் குற்றச்சாட்டு. அதைவிடக் கவனிக்கவேண்டியது, அது ஆணை என்னவாக்குகிறது என்பது. ஈக்குப் பொறுப்பு கிடையாது, மனசாட்சி கிடையாது, தண்டனையும் கிடையாது. பார்வையைத் தாழ்த்தும்படி குர்ஆன் முதலில் ஆண்களிடம்தான் சொல்கிறது. 24-ஆவது அத்தியாயத்தில் 30-ஆவது வசனம் ஆண்களுக்கானது. பெண்களுக்கான வசனம் அதையடுத்து வருகிறது. ஆணைத் தன்னை அடக்கிக்கொள்ளக்கூடிய, அதற்குக் கணக்குச் சொல்லவேண்டிய மனிதனாக அந்த வசனம் நடத்துகிறது. அந்த வரிசையையும் அந்தப் பொறுப்பையும் மிட்டாய்ப் படம் துடைத்துவிடுகிறது. மார்க்கத்தின் பெயரால் பகிரப்படும் ஒரு படம் மார்க்க நூலின் அழுத்தத்தையே மாற்றிவிடுகிறது.

நடப்பும் அந்தப் பாடத்துக்கு ஒத்துப்போகவில்லை. பொது இடங்களில் நடக்கும் பாலியல் சீண்டல் குறித்துப் பெண்கள் அமைப்புகளின் கூட்டணி ஒன்று நடத்திய இணையக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. 62,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். சீண்டலுக்கு ஆளானபோது அணிந்திருந்த உடைகளில் முன்னணியில் வந்தவை நீண்ட பாவாடை அல்லது கால்சட்டை, முழுக்கைச் சட்டை, பள்ளிச் சீருடை. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 17 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகை ஹிஜாப் அணிந்திருந்தார்கள். விரும்பியவர்கள் பதிலளித்த இணையக் கணக்கெடுப்பு என்பதால் மொத்த மக்கள்தொகைக்கும் இந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மூடிய உடை காக்கும் என்ற உறுதிமொழி பொய்த்துப்போன ஆயிரக்கணக்கான அனுபவங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன.

2021-இன் இறுதியில் பாண்டுங் நகரிலிருந்து வெளிவந்த செய்தி நாட்டையே உலுக்கியது. மார்க்க உறைவிடப் பள்ளி ஒன்றின் பொறுப்பாளர் 13 மாணவிகளைப் பல ஆண்டுகளாக வன்புணர்வு செய்திருந்தார். சிலர் குழந்தை பெற்றிருந்தார்கள். அந்தச் சிறுமிகள் மார்க்கக் கல்விக்காகப் பெற்றோரால் நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள். மிட்டாய்ப் படம் சொல்லும் பாதுகாப்பு அத்தனையும் அவர்களைச் சுற்றி இருந்தது. அவர்களிடம் இல்லாமல் போனது, ஆசிரியரை எதிர்த்துச் சொன்னால் நம்பப்படுவோம் என்ற உறுதி.

தற்படமும் கல்யாணமும்

2015 ஜனவரியில் ஃபெலிக்ஸ் சியாவ் ட்விட்டரில் தற்படத்துக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார். தன்னைத் தானே படமெடுத்துப் பகிர்வது தற்பெருமைக்கும் பிறர் மெச்சும் ஆசைக்கும் இட்டுச்செல்லும் என்றார். குறிப்பாகப் பெண்களின் தற்படத்தில் நாணம் போய்விட்டது என்று கவலைப்பட்டார். பதிலுக்கு ஆயிரக்கணக்கானோர் அவர் பெயரைக் குறிச்சொல்லாக்கித் தங்கள் தற்படங்களை அவருக்கே அனுப்பினார்கள். அவர்களில் ஹிஜாப் அணிந்த பெண்கள் ஏராளம். தலையை மூடிக்கொள்வதும் முகத்தைக் காட்டுவதும் அவர்களுக்கு முரணாகத் தெரியவில்லை. முகமில்லாச் சித்திரம் ஏன் தேவைப்படுகிறது என்பதை இந்த நிகழ்ச்சி விளக்குகிறது. பெண் இணையத்தில் நுழைந்துவிட்டாள். அவளை வெளியேற்ற முடியாது. அவள் அங்கே எந்த உருவத்தில் இருக்கலாம் என்பதே போட்டி.

அதே 2015-இல்தான் 'இந்தோனேசியா தன்பா பச்சாரான்', அதாவது காதலற்ற இந்தோனேசியா என்ற இயக்கம் தொடங்கியது. இன்ஸ்டாகிராமில் பல லட்சம் பேர் பின்தொடரும் பக்கம், கட்டணம் கட்டிச் சேரும் வாட்ஸ்அப் குழுக்கள், ஊர் ஊராகக் கூட்டங்கள், புத்தக விற்பனை. அதன் பதிவுகளில் காதலிக்கும் பெண் ஏமாளி, கெட்டுப்போனவள், தந்தையை நரகத்துக்கு இழுப்பவள். மணமாகும் பெண்ணோ பூக்களுக்கு நடுவே கணவனின் பின்னால் நின்று தொழுபவள். இந்த இரு படங்களுக்கும் இடையே படிப்பும் வேலையும் தோழமையும் தயக்கமுமாகக் கழியும் பல ஆண்டு இளமை அங்கே இடம்பெறுவதில்லை. சீக்கிரம் நிக்காஹ் செய்துகொள்வதே எல்லா மனக்குழப்பத்துக்கும் மருந்து என்று அது முடிகிறது.

இந்தப் பேச்சு நடக்கும் நாட்டில் குழந்தைத் திருமணம் தீர்ந்துபோன பிரச்சினை அல்ல. 1974 திருமணச் சட்டம் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 19 என்று வைத்திருந்த வயது வேறுபாட்டை அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 டிசம்பரில் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2019-இல் இருவருக்கும் 19 என்று சட்டம் திருத்தப்பட்டது. வயது குறைந்தவர்களுக்கு மார்க்க நீதிமன்றங்கள் அளிக்கும் விலக்குகளின் எண்ணிக்கை அந்த ஆண்டு சுமார் 23,000. அடுத்த ஆண்டே 64,000-ஐத் தாண்டியது. சட்ட வயது உயர்ந்ததால் விலக்குக் கோரவேண்டியவர்கள் கூடினார்கள், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடின, வருமானம் வற்றியது. இன்ஸ்டாகிராம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்வது பிழை. ஆனால் வறுமையால் மகளை மணமுடிக்கும் தந்தைக்கு, அதைப் புண்ணியமாக்கிச் சொல்லும் வாசகங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. 2021 பிப்ரவரியில் 'ஆயிஷா வெட்டிங்ஸ்' என்ற பெயரில், 12 வயதிலிருந்தே பெண்கள் மணமுடிக்கலாம் என்று விளம்பரம் செய்த இணையப் பக்கம் பெரும் கொதிப்பைக் கிளப்பியது. அமைச்சரும் குழந்தைகள் பாதுகாப்பு ஆணையமும் கண்டித்தார்கள், காவல்துறைக்குப் புகார் போனது. அந்தப் பக்கம் சொன்னதைப் பெரும்பாலான பழமைவாதப் பக்கங்கள் சொல்வதில்லை. ஆனாலும் பெண்ணின் பருவத்தைக் கணவனுக்கான காத்திருப்பாக மட்டும் பார்க்கும் பார்வையின் கடைக்கோடி அது.

அடிபட்ட மனைவியின் மௌனம்

பொறுமைக்கு இந்த ஊடகத்தில் தனி மதிப்பு. 2022 பிப்ரவரியில் நடிகையும் பயான் செய்பவருமான ஓகி செதியானா தேவியின் பழைய உரை ஒன்றின் துண்டு காணொளி வேகமாகப் பரவியது. ஜித்தாவில் வாழ்ந்த ஒரு தம்பதியின் கதையை அதில் சொல்கிறார். வாக்குவாதத்தில் கணவன் மனைவியின் முகத்தில் அடிக்கிறான். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே கதவு தட்டப்படுகிறது. வந்திருப்பது அவளுடைய பெற்றோர். ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார்கள். உங்களைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது, துஆ கேட்டேன், நீங்களே வந்துவிட்டீர்கள், அதனால்தான் அழுகிறேன் என்கிறாள். கணவனின் மானம் காப்பாற்றப்படுகிறது. அவன் மனம் இளகி அவள்மேல் இன்னும் அன்பாகிறான். கணவனின் குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது கதையின் படிப்பினை.

கதை நன்றாகக் கட்டப்பட்டது. கேட்பவர்களின் கண் கலங்கும். அதனால்தான் ஆபத்தானது. அந்த வீட்டில் அவளுக்கு உதவக்கூடியவர்கள் இருவர். இருவரும் அதே நேரத்தில் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கதை அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டு, அதைச் செய்த மனைவியைப் பாராட்டுகிறது. இந்தோனேசியாவில் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2004-லேயே வந்துவிட்டது. 15 முதல் 64 வயதுவரையான பெண்களில் நால்வரில் ஒருவர் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாக 2021-இல் அரசு நடத்திய தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த நால்வரில் ஒருத்தி இந்தக் காணொளியைப் பார்க்கும்போது அவளுக்குக் கிடைக்கும் சேதி என்ன என்பதுதான் கேள்வி. எதிர்ப்பு வலுத்ததும் ஓகி மன்னிப்புக் கேட்டார். குடும்ப வன்முறையைத் தான் ஆதரிக்கவில்லை என்றார். அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்கவேண்டியதில்லை. இத்தகைய கதைகள் கேள்வியின்றி மேடையேறிவந்த பழக்கத்தைத்தான் பரிசீலிக்கவேண்டும். பழமைவாதக் குரல்களில் பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் செல்வாக்குள்ளவர்கள், ஆனால் எழுதிவைக்கப்பட்ட படிப்பினையை அழகாகச் சொல்வதோடு அவர்களுடைய இடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

வரைபவர்களும் பெண்களே

முகமில்லாச் சித்திரங்களை வரைந்து பதிவேற்றுபவர்களில் கணிசமானோர் இளம்பெண்கள். இன்ஸ்டாகிராமில் முஸ்லிம் இளம்பெண்களின் பிரசாரத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் ஏவா நிசா, படைப்பாற்றலும் வருமானமும் அதில் பின்னிக்கிடப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். வீட்டில் இரு என்று சொல்லும் பதிவுக்குக் கீழேயே வீட்டிலிருந்தபடி அங்கி விற்கும் முகவராகச் சேர அழைப்பு வருகிறது. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது உண்மையான வருமானம், உண்மையான தோழமை. இந்தோனேசியப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2020-இல் 53 விழுக்காட்டுக்கு அருகில் நின்றது. ஆண்களுடையது 80-ஐத் தாண்டியது. வேலைக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு இந்த வட்டங்கள் மரியாதையான ஓர் இடம் தருகின்றன. அதே நேரம் சந்தையில் காய்கறி விற்பவள், ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவள், ஹாங்காங்கிலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்து குடும்பத்துக்குப் பணம் அனுப்புபவள் என்று நாட்டின் உழைக்கும் முஸ்லிம் பெண்கள் அந்த இளஞ்சிவப்புச் சித்திரத்தில் இல்லை. அவர்களின் இறையச்சத்துக்கு அங்கே உருவம் கொடுக்கப்படவில்லை.

முகத்திரை அணிபவர்களையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. இந்தாதரி என்பவர் தொடங்கிய நிகாப் ஸ்குவாட், முகம் மூடிய பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க உருவானது. பயங்கரவாதி என்று தெருவில் முறைக்கப்படுவதை எதிர்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. 2018 மார்ச்சில் யோக்யகர்த்தாவின் சுனன் காலிஜாகா அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் முகத்திரை அணியும் மாணவிகளைக் கணக்கெடுத்துத் தடைசெய்ய முயன்றது. எதிர்ப்பு எழ, சில நாட்களிலேயே பின்வாங்கியது. மறுபுறம், பாடாங் நகரில் 2005-இல் நகரத் தலைவர் பிறப்பித்த உத்தரவையடுத்து அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தலைத்துணி கட்டாயமாகியிருந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு கிறித்தவ மாணவியை அதை அணியச் சொல்லி வற்புறுத்தியது வெளிச்சத்துக்கு வந்தது. கட்டாயப்படுத்தக் கூடாது என்று மூன்று அமைச்சர்கள் கூட்டாக ஆணையிட்டார்கள். உச்ச நீதிமன்றம் மே மாதத்தில் அதை ரத்துசெய்தது. அணியாதே என்பதும் அணிந்தே தீரவேண்டும் என்பதும் அவளைக் கேட்காமலே எடுக்கப்பட்ட முடிவுகள்.

கேட்கும் பெண்கள் வெறும் கேட்பவர்களாகவே இருந்துவிடுவதில்லை என்பதற்குச் சமூக ஊடகத்துக்கு முந்திய சான்றும் உண்டு. நல்ல கணவர் என்ற பிம்பத்தால் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கான பெண்களைக் கவர்ந்த அப்துல்லா கிம்னஸ்தியார், 2006 இறுதியில் தாம் இரண்டாம் மணம் செய்திருப்பதை வெளிப்படுத்தினார். பெண் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். அவருடைய நிகழ்ச்சிகளும் வணிகமும் சரிந்தன. எந்த ஃபத்வாவும் தேவைப்படவில்லை.

நாடாளுமன்றம் வரை

இந்தச் சித்திரிப்பு திரையோடு நிற்பதில்லை. திருமணத்துக்கு வெளியிலான உறவைக் குற்றமாக்கக் கோரிக் குடும்ப நலக் கூட்டணி ஒன்று அரசியலமைப்பு நீதிமன்றம் சென்றது. 2017 டிசம்பரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. மனுதாரர்களில் பெண்கள் இருந்தார்கள். 2020-இல் வந்த குடும்ப உறுதிப்பாட்டு மசோதா, வீட்டுப் பொறுப்பை மனைவியின் சட்டக் கடமையாக எழுத முற்பட்டது. அதை முன்மொழிந்தவர்களிலும் பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். அது மேலே நகரவில்லை.

மிகக் கடுமையான மோதல் பாலியல் வன்முறை ஒழிப்பு மசோதாவைச் சுற்றி நடந்தது. 2019 தொடக்கத்தில் அதற்கு எதிரான இணைய மனு லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. வற்புறுத்திய உறவு மட்டுமே குற்றம் என்றால் சம்மதத்தோடு நடக்கும் விபச்சாரம் அனுமதிக்கப்பட்டதாகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். மசோதா அப்படி எதையும் அனுமதிக்கவில்லை. அது பேசியது வன்முறையைப் பற்றி. ஆனால் பெண்ணின் கற்பு காக்கப்பட வேண்டியது என்று ஆண்டுக்கணக்கில் பழகிய கண்ணுக்கு, பெண்ணின் சம்மதம் என்ற கருத்தே சந்தேகத்துக்குரியதாகத் தெரிந்தது. மூடிய மிட்டாயிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. பாண்டுங் கொடுமை வெளிவந்த பிறகே சட்டம் வேகம் பிடித்தது. 2022 ஏப்ரல் 12-இல் நிறைவேறியபோது எதிர்த்து நின்றது ஒரே ஒரு கட்சி, வளாக அரசியலிலிருந்து உருவான வளமான நீதிக் கட்சி.

உள்ளிருந்தே வந்த பதில்

2017 ஏப்ரலில் சிரெபோன் அருகே கெபோன் ஜம்பு என்ற உறைவிட மார்க்கப் பள்ளியில் பெண் ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், முதல் தேசிய மாநாடு நடந்தது. அந்தப் பள்ளியை நடத்துபவரும் ஒரு பெண்தான், மஸ்ரியா அம்வா. கிதாபுகள் என்னும் மார்க்க நூல்களை விரித்துவைத்து, மரபான ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்ட முறைகளின்படியே விவாதித்து, பாலியல் வன்முறை, குழந்தைத் திருமணம், சுற்றுச்சூழல் அழிவு ஆகிய மூன்று பொருள்களில் அவர்கள் தீர்ப்புகளை வெளியிட்டார்கள். திருமணத்துக்கு உள்ளே நடந்தாலும் பாலியல் வன்முறை ஹராம். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது கடமை. பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை 18 ஆக்கவேண்டும் என்ற அவர்களின் பரிந்துரையை அப்போதைய மார்க்க விவகார அமைச்சர் நிறைவு விழாவில் பெற்றுக்கொண்டார். மார்க்க அறிவின் வரையறையும் அங்கே சற்று விரிந்தது. நூலறிவோடு பெண்களின் வாழ்வனுபவமும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அடிபட்டவளின் மௌனத்தைப் புகழும் கதைக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது.

அந்த மாநாட்டின் சிந்தனையாளர்களில் ஒருவரான ஃபகீஹுத்தீன் அப்துல் காதிர், 2019-இல் வெளியிட்ட நூலில் 'முபாதலா' என்ற வாசிப்பு முறையை விரிவாக முன்வைத்தார். ஒரு வசனமோ ஹதீஸோ ஆணிடம் ஒன்றைக் கேட்டால் பெண்ணிடமும், பெண்ணிடம் கேட்டால் ஆணிடமும் அதன் உட்பொருள் பொருந்துமா என்று தேடுவது அந்த முறை. மனைவி பொறுமையானவளாக இருக்கவேண்டும் என்றால் கணவனும் அப்படித்தான். அவள் சோதனை என்றால் அவனும் அவளுக்குச் சோதனை. இதே பெயரில் இயங்கும் இணையப் பக்கம், எழுத்தாளர் காலிஸ் மர்தியாசிஹ் போன்றோரின் இன்ஸ்டாகிராம் பதிவுகள் எல்லாம் பழமைவாதப் பக்கங்களின் அதே கருவிகளைக் கையாளுகின்றன. அதே வண்ண அட்டைகள், அதே சுருக்க வாக்கியங்கள். லிர்போயோ பள்ளி வட்டத்தைச் சேர்ந்த நிங் இமாஸ், நிங் ஷீலா போன்ற இளம் ஆலிமாக்கள் மாதவிடாய், பிரசவம், தாம்பத்தியம் குறித்த கேள்விகளுக்குக் கிதாபுகளிலிருந்து நேரடியாக விளக்கம் தருகிறார்கள். இவர்கள் எல்லோரும் பெண்ணியர்கள் அல்லர். பலர் மரபை விட்டு ஓர் அடியும் விலகாதவர்கள். ஆயினும் மார்க்க நூலைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தோடும் பெயரோடும் பேசும் பெண்ணைப் பார்த்து வளரும் ஒரு சிறுமிக்கு, முதுகைக் காட்டி நிற்கும் சித்திரம் மட்டுமே முன்மாதிரி அல்ல.

பழமைவாதப் பக்கங்களை முடக்குவதாலோ முகத்திரையைத் தடைசெய்வதாலோ இந்தச் சிக்கல் தீராது. நாணமும் பொறுமையும் தாய்மையும் இந்தோனேசியப் பெண்களில் கோடிப்பேர் மனமார மதிக்கும் விழுமியங்கள். அவற்றைக் கேலிசெய்கிற எந்த விமர்சனமும் அவர்களைச் சென்றடையாது. கேட்கவேண்டியவை மூன்று. நாணத்தை ஆணுக்கும் சேர்த்துப் போதிக்கவேண்டும். மனைவியின் பொறுமையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு மேடையும், அடிப்பவன் குற்றவாளி என்பதையும் எங்கே புகார் கொடுக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். பெண்ணுக்கான சட்டத்தையும் பெண்ணுக்கான ஃபத்வாவையும் முடிவுசெய்யும் அவையில் அவளுடைய வாழ்வை அறிந்த ஆலிமாக்கள் உட்காரவேண்டும். ரஹ்மா அல் யூனுஸியா 1923-இல் பள்ளி திறந்த நாட்டில் இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல. மார்க்கத்துக்கு வெளியிலிருந்து வருபவையும் அல்ல. இன்று அவற்றை எழுப்பிக்கொண்டிருக்கும் பெண்களின் குரலுக்கு அந்த நாட்டின் உலமாக்களும் கட்சிகளும் செவிகொடுத்தாகவேண்டும்.